டிபிஎஃப் விளக்கு எரிகிறது, மைலேஜ் குறைகிறது: டீசல் காரில் எதை முதலில் பார்ப்பது?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த புதிய கார்கள் அனைத்தும் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6) என்னும் புகை மாசு விதிக்கு உட்பட்டவை. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய துகள்களின் வரம்பு பிஎஸ்4 காலத்தில் 25 மில்லிகிராமாக இருந்தது. புதிய விதியில் அது 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியதால், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்னும் வடிகட்டி டீசல் கார்களில் தவிர்க்க முடியாத உறுப்பாகிவிட்டது. அதன் பின்னால் புதுவிதப் புகார்களும் வந்தன. டாஷ்போர்டில் டிபிஎஃப்புக்கான ஆரஞ்சு நிற விளக்கு அணைய மறுக்கிறது, மைலேஜ் லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் விழுந்துவிட்டது, வண்டி இழுக்கவில்லை, எஞ்சின் ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது என்று உரிமையாளர்கள் சொல்கிறார்கள். இவை தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

அந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்ள வடிகட்டி வேலை செய்யும் விதத்தைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். டிபிஎஃப்பின் உள்ளே இருப்பது நீளவாக்கில் ஆயிரக்கணக்கான நுண்ணிய குழாய்கள் கொண்ட பீங்கான் கட்டை. ஒரு குழாயின் முன்வாய் திறந்தும் பின்வாய் அடைத்தும் இருக்கும். அதை ஒட்டிய குழாயில் இது நேர்மாறாக இருக்கும். ஆகவே உள்ளே வந்த புகை நடுச்சுவரின் நுண்துளைகள் வழியாகக் கசிந்துதான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும்போது புகையின் வெப்பமே இந்தக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும். நகர ஓட்டத்தில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. அப்போது எஞ்சின் கணினி, சிலிண்டரில் எரிப்பு முடிந்த பிறகு கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. அது டிபிஎஃப்புக்கு முன்னால் இருக்கும் வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியின் வெப்பநிலையை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்துகிறது. பத்து முதல் இருபது நிமிடம் இந்த வெப்பம் நீடித்தால் கரி எரிந்து தீரும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்றும், பட்டறைப் பேச்சில் ரீஜென் என்றும் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு ரீஜெனுக்கும் டீசல் செலவாகிறது. அது பாதியில் நின்றால் செலவான டீசலும் வீண், கரியும் மிச்சம். எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாகக் கரி கக்கினால் ரீஜென் அடிக்கடி வரும், மைலேஜ் குறையும், சிலிண்டர் சுவரில் வழிந்த டீசல் ஆயிலோடு கலக்கும். வடிகட்டி தானாகக் கெட்டுப்போவது அரிது. அதற்கு முன்னால் இருக்கும் ஏதோ ஒன்று கெட்டதன் விளைவைத்தான் அது சுமக்கிறது. எனவே டிபிஎஃப்பைக் கழற்றிக் கழுவிப் போட்டால் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம், அது ஏன் அடைபட்டது என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுவது நல்லது.

தொடங்குவதற்கு முன் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள கோளாறு கண்டறிவதற்கான 16 முனை ஓபிடி சாக்கெட்டில் செருகி, கைபேசியில் நேரடி அளவீடுகளைக் காட்டும் சிறு கருவி ஒன்று முதலாவது. கோளாறைக் குறிக்கும் எரர் கோட் எண்களை மட்டும் படிக்கும் செயலி போதாது; உங்கள் வண்டி மாடலுக்கென்றே கரியின் அளவு, கடைசி ரீஜெனுக்குப் பின் ஓடிய தூரம், வடிகட்டியின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு, புகையின் வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் செயலி வேண்டும். அது கிடைக்காத மாடல் என்றால் பட்டறை ஸ்கேனரைத்தான் நம்ப வேண்டியிருக்கும். இரண்டாவது, மைலேஜின் உண்மைக் கணக்கு. டாஷ்போர்டு காட்டும் எண் கணினியின் மதிப்பீடுதான். ஒரே பெட்ரோல் பங்க்கில், நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டாம்.

விளக்கு மட்டும் எரிகிறது. வண்டி வழக்கம்போல ஓடுகிறது

இதற்குப் பெரும்பாலும் ரீஜென் பாதியில் நின்றுபோவதே காரணம். வீட்டிலிருந்து அலுவலகம் ஐந்து கிலோமீட்டர், பிள்ளையின் பள்ளி மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ரீஜென் நடந்துகொண்டிருப்பதற்கு அடையாளங்கள் உண்டு: ஐட்லிங் வேகம் சற்று உயர்ந்திருக்கும், ரேடியேட்டர் ஃபேன் காரணமின்றி வேகமாகச் சுழலும், சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது, உடனடி மைலேஜ் காட்டி சட்டென்று கீழே இறங்கும், வண்டியை விட்டு இறங்கினால் சூடான உலோக வாடை வரும். இந்த நேரத்தில் வீட்டு வாசலை அடைந்துவிட்டாலும், முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது மேல்.

விளக்கு ஏற்கெனவே எரிந்துவிட்டது என்றால், டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, தடையில்லாத சாலையில் இருபது முதல் முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். சென்னைவாசிகளுக்கு வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை இதற்குத் தோதானது. அதிவேகம் தேவையில்லை. உச்ச கியரில் 1,500 ஆர்பிஎம்மில் தவழ்வதைவிட, ஒரு கியர் கீழே வைத்து 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை சீராக ஓட்டினால் புகையின் வெப்பம் தேவையான அளவுக்கு ஏறும். டீசல் ரிசர்வுக்கு வந்துவிட்டாலோ, வேறு ஏதேனும் எரர் கோட் பதிவாகியிருந்தாலோ பல வண்டிகளில் கணினி ரீஜெனைத் தொடங்கவே அனுமதிக்காது. எவ்வளவு தூரம் ஓட்டியும் பயனில்லை என்று புலம்புபவர்கள் முதலில் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரையும் உளுந்துச் செடியையும் வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று பரப்பி வைப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் ஏறிச் செல்லும்போது வைக்கோலும் கொடியும் அடிப்பாகத்தில் சுற்றிக்கொள்ளும். ரீஜெனில் இருக்கும் டிபிஎஃப்பை அவை தொட்டால் தீப்பிடிக்கும். காய்ந்த புல்லின் மேலும் சருகுக் குவியலின் மேலும் சூடான வண்டியை நிறுத்தவும் கூடாது.

ஓட்டத்துக்குப் பின் விளக்கு அணைந்து, பல நூறு கிலோமீட்டர் வரை திரும்ப வராவிட்டால் பிரச்சினை ஓட்டும் முறையில்தான் இருந்தது. நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் வந்துவிட்டால் அடுத்த பகுதிக்கு வாருங்கள். விளக்கு மின்னிக்கொண்டிருந்தாலோ, எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ இந்த நெடுஞ்சாலை வைத்தியத்தை முயல வேண்டாம்.

ரீஜென் அடிக்கடி வருகிறது. மைலேஜ் தெளிவாக விழுந்திருக்கிறது

மிகுதியாகத் தவறாகக் கையாளப்படும் அறிகுறி இதுதான். முதலில் இரண்டு ரீஜென்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் குறித்து வையுங்கள். மாடலுக்கு மாடல் மாறினாலும், நலமாக உள்ள வண்டியில் இது பொதுவாகச் சில நூறு கிலோமீட்டர் இருக்கும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை ரீஜென் வருகிறதென்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது: எஞ்சின் உண்மையிலேயே அதிகக் கரியைக் கக்குகிறது, அல்லது கரி இல்லாதபோதே இருப்பதாக அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்கிறது. இதைப் பிரித்தறியாமல் செய்யும் எந்தச் செலவும் குருட்டாம்போக்குதான்.

சென்சாரைச் சோதிப்பது எளிது, செலவும் இல்லை. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். புகை ஓட்டமே இல்லாத நிலையில் அது சுழியமாகவோ சுழியத்தை ஒட்டியோ இருக்க வேண்டும். அப்போதே ஒரு கணிசமான எண்ணைக் காட்டினால் சென்சார் தவறாக அளக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஐட்லிங்கில் சில மில்லிபார் காட்டி, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சீராக ஏறி, விட்டதும் உடனே இறங்க வேண்டும். ஏறாமல் கிடந்தாலோ, தயங்கித் தயங்கி இறங்கினாலோ ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். டிபிஎஃப்பின் முன்புறத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் இரண்டு இரும்புக் குழாய்கள் மேலே வந்து, ரப்பர் ஹோஸ் மூலம் சென்சாரில் இணைகின்றன. ரப்பர் இரும்பின் மேல் ஏறி உட்காரும் அந்த ஓர் அங்குலத்தில்தான் சூட்டால் இறுகி வெடிப்பு விழும். அதுவும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் விழுவதால் மேலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். எஞ்சின் ஆறிய பிறகு, விரலை அடியில் கொடுத்துத் தடவிப் பார்த்தால் பிளவு கைக்குத் தட்டுப்படும், விரலில் கரியும் ஒட்டும். ஹோஸுக்குள் நீரும் கரியும் கலந்த சேறு அடைத்துக்கொள்வதும் உண்டு. சில நூறு ரூபாய் பெறாத இந்த ஹோஸுக்காக முழு டிபிஎஃப்பையே மாற்றச் சொல்வது நடக்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்சாரும் ஹோஸும் சரி, கரி உண்மையாகவே சேர்கிறது என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பிஎஸ்4 வண்டியில் கரும்புகை வந்தால் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். இப்போது எஞ்சின் எவ்வளவு கரி கக்கினாலும் வடிகட்டி அதை விழுங்கிவிடுவதால், சைலன்சர் வாயைப் பார்த்து எஞ்சினின் நலத்தைச் சொல்லும் பழைய அனுபவம் இங்கே உதவாது. அளவீடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை. பெரும்பாலான எஞ்சின்களில், சூடான பிறகு இது 85 முதல் 95 டிகிரிக்குள் நிலைக்க வேண்டும். நகரில் 85 காட்டிவிட்டு, நெடுஞ்சாலைக் காற்று பட்டதும் 70க்கு இறங்குகிறதென்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது. எஞ்சின் முழுமையாகச் சூடாகாதவரை கணினி அதிக டீசலைக் கொடுக்கும். ரீஜெனைத் தள்ளிப்போடும் அல்லது அரைகுறையாக முடிக்கும். மைலேஜும் டிபிஎஃப்பும் ஒரே நேரத்தில் கெடுவதற்கு இதைவிட மலிவான காரணம் இல்லை. குளிர்நாடுகளில் ஹீட்டரில் சூடு வரவில்லை என்று ஓட்டுநர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஹீட்டரைத் தொட்டே பார்க்காத நம்மூரில் இது ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். பி0128 என்ற கோட் வந்தால் இதை உறுதிசெய்துகொள்ளலாம். வராவிட்டாலும் வெப்பநிலையைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது காற்று. கணினி கேட்கும் டர்போ அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒரு மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து திரையைப் பார்ப்பது பாதுகாப்பு. கிடைப்பது தொடர்ந்து குறைவாக இருந்தால், டர்போவைச் சந்தேகிக்கும் முன், அதிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களின் இணைப்பைப் பாருங்கள். காற்று கசியும் இடத்தைச் சுற்றி ஈரமான எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் வளையம்போல் இருக்கும். காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது, எரியாதது கரியாகும். காற்றின் அளவை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரும் அழுக்கேறியிருந்தால் இதே விளைவைத் தரும். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது.

மூன்றாவது, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வ். முழுதாக மூட முடியாமல் கரி படிந்து சிக்கிய வால்வ், தேவையற்ற நேரத்திலும் புகையை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும். கணினி கேட்கும் திறப்பும் வால்வின் உண்மையான நிலையும் ஒத்துப்போகவில்லை என்றால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். நான்காவது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி செய்யும் திருத்த அளவை ஸ்கேனர் காட்டும். மூன்று ஒத்திருக்க, ஒன்று மட்டும் விலகி நின்றால் அதைத்தான் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கையும் கழற்றச் சொல்பவரை ஏன் என்று கேளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ரீஜென் அடிக்கடி வந்தால், ரீஜென் நடக்கும்போதே புகையின் வெப்பநிலையைப் பாருங்கள். டிபிஎஃப்புக்கு முன்னால் 550 டிகிரியைத் தாண்டவே இல்லை என்றால் பீய்ச்சிய டீசல் வினையூக்கியில் எரியவில்லை. ஒன்று வினையூக்கி களைத்துவிட்டது, அல்லது வெப்ப சென்சார் தவறாகக் காட்டுகிறது. எஞ்சின் இரவு முழுதும் ஆறிய பிறகு காலையில் சாவியை ஆன் செய்து பார்த்தால் எல்லா வெப்ப சென்சார்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். தனித்து நிற்பதைச் சந்தேகிக்கலாம்.

மைலேஜ் குறைந்திருக்கிறது, ஆனால் ரீஜென் இடைவெளி மாறவில்லை

அப்படியானால் டிபிஎஃப்பை விட்டுவிடுங்கள். டயர் காற்று, அலைன்மென்ட், ஏர் ஃபில்டர், தெர்மோஸ்டாட் என்று பார்த்து வந்தாலே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்பதற்கு, பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். உயர் கியரில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

எஞ்சின் ஆயில் அளவு ஏறுகிறது

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஆயில் குச்சி போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் குச்சியை உருவித் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். டீசல் கார் ஆயிலைச் சற்றே குடிப்பது இயல்பு. கூடுவதற்கு வழியே இல்லை. கூடியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. குச்சி முனையில் ஆயில் தண்ணீர்போல் ஓடும், டீசல் வாடையும் அடிக்கும். பாதியில் நின்ற ரீஜென்கள்தான் இதற்குப் பொதுவான காரணம். ஒழுகும் இன்ஜெக்டரும் காரணமாகலாம்.

அளவு மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கக் கூடாது. மேலே உள்ளதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டுவதும் தீர்வாகாது. எஞ்சியிருப்பதும் நீர்த்த ஆயில்தான், பேரிங்குகளையும் டர்போவையும் அது காக்காது. மிகவும் ஏறிவிட்டால் அந்த ஆயிலையே எஞ்சின் உறிஞ்சி எரிக்கத் தொடங்கி, சாவியை அணைத்தும் நிற்காமல் ஓடும் அபாயம் உண்டு. முழுவதையும் ஃபில்டரோடு மாற்றிவிட்டு, ரீஜென் ஏன் முடியவில்லை என்று தேடுங்கள்.

மாற்றும் ஆயிலின் தரமும் முக்கியம். கரி எரிந்துவிடும், ஆனால் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்து உண்டாகும் சாம்பல் எந்த ரீஜெனிலும் போகாது, டிபிஎஃப்பிலேயே தங்கி அதன் கொள்ளளவைக் குறைத்துக்கொண்டே வரும். அதனால்தான் டிபிஎஃப் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைக் கையேடு வலியுறுத்துகிறது. டப்பாவின் பின்புறம் ஏசிஇஏ சி2, சி3 போன்ற ஐரோப்பியத் தரக் குறியீடு இருக்கும். கையேட்டில் உள்ள குறியீடும் டப்பாவில் உள்ள குறியீடும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். பிசுபிசுப்பு எண் ஒன்றாக இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வது சரியல்ல.

எஞ்சின் விளக்கு எரிகிறது. வண்டி இழுக்க மறுக்கிறது

எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோட் இது. எரர் கோட் என்னவென்று படிக்காமல் எதையும் தொட வேண்டாம்; அந்தக் கோட் எண்ணை அழிக்கவும் வேண்டாம், அழித்தால் தடயம் போய்விடும். பி2463 என்றால் கரி அளவு மீறிவிட்டது. பி242எஃப் என்றால் சேர்ந்திருப்பது சாம்பல். ரீஜெனால் பயனில்லை, கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். பி2452, பி2453 ஆகியவை அழுத்த வேறுபாட்டுச் சென்சாரையோ அதன் வயரையோ சுட்டுகின்றன. டர்போ அழுத்தக் குறைவைச் சொல்லும் பி0299 இவற்றோடு சேர்ந்து வந்தால், அடைபட்ட டிபிஎஃப்பின் பின்னழுத்தமே டர்போவைத் திணறடிக்கிறதா என்றும் யோசிக்க வேண்டும்.

கரிதான் காரணம் என்று தெரிந்தால் ஸ்கேனர் மூலம் வண்டியை நிறுத்தி வைத்தே ரீஜென் செய்யலாம். திறந்தவெளியில், சிமென்ட் தரையில், சைலன்சர் பக்கம் ஆள் நில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. கரி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் கணினி மறுத்துவிடும். அதை ஏமாற்றிச் செய்ய வைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. அவ்வளவு கரியும் ஒரே மூச்சில் எரிந்தால் பீங்கான் உருகும் அல்லது விரிசல் விடும். அந்த நிலையில் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி. வெளியேறும் பக்கத்திலிருந்து நுழையும் பக்கத்தை நோக்கி நீரைச் செலுத்தி, முழுதும் உலர்த்தித் திரும்பப் பொருத்த வேண்டும். அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்தால் உள்பூச்சு போய்விடும். வேலைக்கு முன்னும் பின்னும் அழுத்த வேறுபாடு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டாம்.

சைலன்சர் வாய் கருத்திருக்கிறது

டிபிஎஃப் நலமாக உள்ள வண்டியில் சைலன்சர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறக் கறைதான் ஒட்டும். கருகருவெனக் கரி அப்பிக்கொண்டால் பீங்கான் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே இருப்பதை இடித்தெடுத்து வெறும் டப்பாவாக்கி, கணினியின் மென்பொருளையும் மாற்றியிருக்கிறார்கள். பழைய டீசல் கார் வாங்குபவர்கள் விலை பேசுமுன் இந்தத் துணிச் சோதனையைச் செய்துவிட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. அப்படித் திருத்திய வண்டியை வாங்கினால் சிக்கல் வாங்கியவர் தலையில்தான் விழும். மைலேஜ் ஏறும் என்று ஆசை காட்டித்தான் இந்த வேலையை விற்கிறார்கள். ரீஜென் டீசல் மிச்சமாவது உண்மைதான். ஆனால் கரியைக் கக்கிய மூலக் கோளாறு அப்படியே இருக்க, அந்தக் கரி சாலையில் நடப்பவர் மூச்சுக்குள் போகிறது.

பழுது நீக்கிய பிறகு

புதிய சென்சாரோ சுத்தம் செய்த டிபிஎஃப்போ பொருத்தினால், அதைக் கணினிக்கு ஸ்கேனர் மூலம் தெரிவித்து, பழைய கணக்குகளை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இது விடுபட்டால் கணினி பழைய கரி அளவையே நினைவில் வைத்துக்கொண்டு மறுநாளே ரீஜெனைத் தொடங்கும். பழுது நீங்கவில்லை என்று வீணாக மறுபடி பிரிப்பார்கள். பிறகு இரண்டு டேங்க் டீசல் தீரும் வரை ரீஜென் வந்த கிலோமீட்டரையும் ஆயில் அளவையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். இடைவெளி நீண்டு, ஆயில் அளவு நிலைத்திருந்தால் வேலை முடிந்தது. இடைவெளி மீண்டும் சுருங்கத் தொடங்கினால், தெர்மோஸ்டாட், காற்று, இஜிஆர், இன்ஜெக்டர் என்ற வரிசையில் எங்கே சோதிக்காமல் தாண்டினோம் என்று பார்த்து, அங்கிருந்து தொடர வேண்டும்.